சர்க்கரைப் பொங்கல்: ஒரு கரண்டியின் கணக்கு



நம் கோயிலுக்கு வரும் அனைவருக்கும் நன்கு பழக்கமான பிரசாதம் சர்க்கரைப் பொங்கல். தைப்பொங்கல், மார்கழிப் பூசை, வெள்ளிக்கிழமை அர்ச்சனை, பிள்ளைகளின் பிறந்தநாள் உபயம் என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு காரணத்தால் அது நம் கைக்கு வந்து சேர்கிறது. அதன் சுவையை நாம் எல்லோரும் அறிவோம். அதில் என்னென்ன சத்துக்கள் உள்ளன, அவை எவ்வளவு, யாருக்கு எந்த அளவு ஏற்றது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஆகவே இதைத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

இந்தப் பாடத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கலாம். கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நல்லது. கணக்குகள் எளியவை. முடிவில் பயிற்சி வினாக்களும் விடைகளும் தரப்பட்டுள்ளன.

1. பெயர்

பொங்கி வருவதால் பொங்கல் எனப் பெயர் பெற்றது. சர்க்கரை என்ற சொல் முன்பு வெல்லத்தையே குறித்தது. இன்றும் யாழ்ப்பாணத்தவர் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்றும் வெல்லத்தைச் சர்க்கரை என்றும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் நாட்டுச் சர்க்கரை என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் தங்கியிருக்கிறது. இரு நாட்டாரும் சேர்ந்து சமைக்கும் நம் மடைப்பள்ளியில், "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பதை முதலில் தெளிவு செய்துகொள்வது நலம்!

இதற்கு நெருங்கிய உறவு அக்கார அடிசில். அக்காரம் என்றால் வெல்லம் அல்லது சர்க்கரை. அடிசில் என்றால் சமைத்த உணவு. பொங்கலில் அரிசி பெரும்பாலும் நீரில் வேகும். அக்கார அடிசிலில் பாலிலேயே வேகும். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டார். அந்த நேர்த்தியைப் பிற்காலத்தில் இராமாநுசர் நிறைவேற்றினார் என்று வைணவ மரபு கூறும். மார்கழி 27ஆம் நாளான கூடாரவல்லியன்று இன்றும் அக்கார அடிசில் படைக்கப்படுகிறது. அந்த நாளுக்குரிய திருப்பாவைப் பாசுரம், நோன்பு முடித்து எல்லோரும் கூடியிருந்து நெய் மிகுந்த பாற்சோறு உண்பதைப் பற்றியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாற்சோறு நோன்புக்குப் பின் வருவது. நோன்பு நாட்களில் நெய்யும் பாலும் விலக்கப்பட்டிருந்தன. பல நாள் விலக்கியதை ஒரு நாள் கூடி உண்டார்கள். வயலிலும் தொழுவத்திலும் உடல் வருந்த உழைத்தவர்களுக்கு அது பண்டிகை உணவு. நாமோ வாரம் ஐந்து நாள் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறோம். காரில் கோயிலுக்கு வருகிறோம். உணவு அதேதான். உண்பவரின் வாழ்க்கை மாறிவிட்டது.

2. பொருள்களும் சத்துக்களும்

ஒரு வீட்டில் 12 பேருக்குச் செய்யும் அளவை எடுத்துக்கொள்வோம். கலோரி, மாவுச்சத்து (சர்க்கரையும் இதில் அடங்கும்), புரதம், கொழுப்பு ஆகியவை கீழே முழு எண்ணாகத் தரப்பட்டுள்ளன. பொருளின் தரத்தைப் பொறுத்து இவை சிறிது கூடலாம், குறையலாம்.

பச்சரிசி 200 கிராம்: 710 கலோரி, மாவுச்சத்து 156 கிராம், புரதம் 14 கிராம், கொழுப்பு 1 கிராம்.
பாசிப்பருப்பு 50 கிராம்: 175 கலோரி, மாவுச்சத்து 30, புரதம் 12, கொழுப்பு அரை கிராம்.
பால் 500 மில்லி: 325 கலோரி, மாவுச்சத்து 24, புரதம் 16, கொழுப்பு 18.
வெல்லம் 350 கிராம்: 1,330 கலோரி, மாவுச்சத்து 332, அதில் ஏறக்குறைய எல்லாமே சர்க்கரை.
நெய் 100 கிராம்: 900 கலோரி, கொழுப்பு 100.
முந்திரி 30 கிராம்: 170 கலோரி, மாவுச்சத்து 8, புரதம் 6, கொழுப்பு 14.
உலர் திராட்சை 20 கிராம்: 60 கலோரி, மாவுச்சத்து 15.

மொத்தம்: 3,670 கலோரி, மாவுச்சத்து 565 கிராம், புரதம் 48 கிராம், கொழுப்பு ஏறத்தாழ 133 கிராம்.

வெந்து இறக்கிய பொங்கல் சுமார் ஒன்றரைக் கிலோ இருக்கும். அதை 12 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 125 கிராம், அதாவது ஒரு பெரிய கரண்டி. அந்த ஒரு கரண்டியில் உள்ளவை: சுமார் 306 கலோரி, மாவுச்சத்து 47 கிராம், புரதம் 4 கிராம், கொழுப்பு 11 கிராம். வெல்லம் மட்டும் 29 கிராம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 200 கலோரி. ஒரு கரண்டிப் பொங்கலுக்கு ஒன்றரை மணி நேர நடை என்று கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு முதல் எல்லை 50 கிராம். இரண்டாவது எல்லை 25 கிராம். தேன், வெல்லம், கருப்பட்டி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஒரு பெரிய கரண்டிப் பொங்கல் இரண்டாவது எல்லையைத் தொட்டுவிடுகிறது. காலைக் காப்பியும் மாலைத் தேநீரும் இன்னும் கணக்கில் வரவில்லை.

3. முன்னோர் செய்த நல்ல சேர்க்கை

குறைகளை மட்டும் சொல்வது முறையாகாது. அரிசியில் உள்ள புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதை ஈடு செய்கிறது. இரண்டும் சேரும்போது புரதத்தின் தரம் உயர்கிறது. பால் சேர்ந்தால் இன்னும் உயர்கிறது; சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. வெண்பொங்கலிலும் கிச்சடியிலும் இதே சேர்க்கைதான். யாழ்ப்பாணத்துப் பொங்கலில் வறுத்த பயறு அந்த வேலையைச் செய்கிறது.

ஆகவே பொங்கலின் அடித்தளம் நல்ல உணவு. அதன் மேல் நாம் எவ்வளவு வெல்லமும் நெய்யும் ஏற்றுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். மேலே உள்ள கணக்கைப் பாருங்கள்: 3,670 கலோரியில் வெல்லமும் நெய்யும் மட்டும் 2,230. ஐந்தில் மூன்று பங்கு அவ்விரண்டிலிருந்தே வருகிறது.

4. வெல்லத்தைப் பற்றிய நம்பிக்கை

"வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே. நீரிழிவுக்காரரும் சாப்பிடலாம்" என்று சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். இது சரியன்று.

கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கினால் வெல்லம். அதிலுள்ள கசடுப்பாகைப் பிரித்து, வெளுத்து, படிகமாக்கினால் வெள்ளைச் சர்க்கரை. வெல்லத்தின் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோசுதான். இரைப்பையைக் கடந்து சிறுகுடலுக்குப் போனதும் அது குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிகிறது. இரத்தத்தில் சேரும் குளுக்கோசுக்குத் தான் வெல்லத்திலிருந்து வந்தேனா சீனியிலிருந்து வந்தேனா என்பது தெரியாது.

வெல்லத்தில் சிறிது இரும்புச் சத்தும் தாது உப்புக்களும் இருப்பது உண்மை. அதன் அளவு வெல்லத்துக்கு வெல்லம் மாறும். காய்ச்சும் இரும்புக் கொப்பரையும் அதற்கு ஒரு காரணம். அந்தச் சிறிது இரும்புக்காக அவ்வளவு சர்க்கரையையும் உண்ண வேண்டியதில்லை. கீரை, பயறு வகைகள், எள் ஆகியவை சர்க்கரை இல்லாமலே இரும்பைத் தருகின்றன. அவற்றோடு ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பை உடல் மேலும் நன்றாக ஏற்கும்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றுக்கும் இதே விதி. அரிசிக்குப் பதில் தினையோ வரகோ போட்டால் நார்ச்சத்து கூடும், அது நல்லதே. வெல்லத்தின் அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரைக் கணக்கு அப்படியே நிற்கும்.

5. நெய்யும் அதன் மாற்றுக்களும்

நெய் ஏறத்தாழ முழுவதும் கொழுப்பு. அதில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. இது மிகுந்தால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால் உயரும். வைட்டமின் ஏ சிறிது உண்டு. ஒரு கரண்டிப் பொங்கலில் சுமார் 8 கிராம் நெய் சேர்கிறது. என்றோ ஒரு நாள் உண்பவருக்கு இது பெரிய அளவன்று. இதய நோய் உள்ளவர்களும் கொலஸ்டிரால் மாத்திரை எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும்.

செலவைக் குறைக்க நெய்க்குப் பதில் வனஸ்பதி சேர்ப்பது நல்லதன்று. பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்களில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பைவிட இதயத்துக்குக் கெடுதல் செய்வது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் இதன் அளவு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி செய்யப்பட்டுள்ளது. நெய் குறைவாக, ஆனால் நெய்யாகவே இருக்கட்டும். தேங்காய்ப் பால் சேர்ப்பவர்கள் அதிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பதை நினைவில் கொள்க.

6. நமக்கு ஏன் கூடுதல் கவனம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. இந்தியாவின் வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவும், 15.3 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக அது கணக்கிட்டது. புலம்பெயர்ந்து வாழும் தென்னாசியரிடமும் நீரிழிவு அதிகம். மற்றவர்களைவிட இளம் வயதிலும், குறைந்த எடையிலும் அது நமக்கு வருகிறது. கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது நம்மவரின் உடல்வாகு.

இதனால்தான் 2004ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று பரிந்துரைத்தது. பொதுவான எல்லை 25. எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) இருமடியால் வகுத்தால் இந்தக் குறியீடு கிடைக்கும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்குப் பொது எல்லை 68 கிலோ. நமக்கோ ஏறத்தாழ 63 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது தென்னாசியருக்குச் சொல்லப்படும் எல்லை.

வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராம் (7 மில்லிமோல்) அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மீண்டும் ஒருமுறை பரிசோதித்து உறுதி செய்வார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ நீரிழிவு உள்ளவர்களும், கருவுற்றிருக்கும் பெண்களும் தம் மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

7. பிரசாதத்தை மறுக்கலாமா?

பல பெரியவர்களுக்கு இது மனத்தை உறுத்தும் கேள்வி. நீரிழிவு உள்ளதை வெளியில் சொல்லக் கூச்சம். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல அச்சம். பரிமாறுகிற நாமும் அன்பின் மிகுதியால், "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள் மாமி, சாமி பிரசாதம்" என்று தட்டை நிரப்பிவிடுகிறோம். மாமி புன்னகையுடன் உண்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். அன்று இரவு அவருடைய சர்க்கரை எங்கே போய் நின்றது என்பது நமக்குத் தெரியாது.

பிரசாதம் உள்ளங்கையில் ஏற்று உண்பது. இவ்வளவு உண்டால்தான் அருள் என்று அதற்கு அளவு கிடையாது. ஒரு தேக்கரண்டி நிறைய, சுமார் 10 கிராம் பெற்றாலும் அது முழுப் பிரசாதமே. அதில் 25 கலோரிதான். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு விரலளவு உண்டு, மீதியை வீட்டாரிடம் கொடுப்பதும் நம் முன்னோர் வழக்கமே.

பரிமாறுவோர் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கேட்டுவிட்டுப் போடுங்கள், "போதும்" என்றால் நிறுத்துங்கள்.

அன்னதானம் உள்ள நாட்களில் பொங்கலை முதலில் உண்ணாமல் கடைசியில் உண்பது நல்லது. காய்கறியும் பருப்பும் முதலில் உண்டு, மாவுச்சத்தைப் பின்னர் உண்டால் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பொங்கல் உண்ட அன்று சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும்.

8. விரதமிருப்போர் கவனத்திற்கு

இன்சுலின் போடுவோரும் சிலவகை நீரிழிவு மாத்திரை எடுப்போரும் உண்ணாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். சிறப்புப் பூசைகள் நேரம் நீண்டு, உணவு தாமதமாகும் நாட்களில் இது நேரக்கூடியதே. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு ஆகியவை அறிகுறிகள்.

அப்போது பொங்கலைக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள நெய் வயிற்றில் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை இரத்தத்தில் சேர நேரமாகும். 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீர், அல்லது அரை டம்ளர் பழச்சாறு கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும். விரதமிருக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி மருந்தளவை ஒழுங்கு செய்துகொள்வது நலம்.

9. மடைப்பள்ளிக்கு இரண்டு வழிகள்

முதல் வழி, அளவை மாற்றிச் செய்வது. அரிசி 150 கிராம், பாசிப்பருப்பு 100, பால் 500 மில்லி, வெல்லம் 225, நெய் 50, முந்திரி 20, உலர் திராட்சை 20. இதன் மொத்தம் ஏறத்தாழ 2,685 கலோரி. 12 பங்கில் ஒன்று சுமார் 110 கிராம். அதில் 224 கலோரி, புரதம் நாலரை கிராம், கொழுப்பு ஆறரை கிராம், வெல்லம் 19 கிராம். பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, பாலைச் சுண்டக் காய்ச்சி, ஏலக்காயைப் புதிதாகப் பொடித்துப் போட்டால் சுவை குறையாது. நெய்யில் பாதியை முந்திரி வறுக்க வைத்துக்கொண்டு கடைசியில் மேலே ஊற்றினால் மணம் முன்னே நிற்கும்.

இரண்டாவது வழி, கரண்டியை மாற்றுவது. நைவேத்தியத்தின் அளவை மாற்ற விரும்பாதவர்கள் பழைய முறைப்படியே செய்யட்டும். 125 கிராம் கரண்டிக்குப் பதில் 40 கிராம் கரண்டியால் பரிமாறினால் ஒருவருக்குச் சுமார் 100 கலோரியும் 9 கிராம் வெல்லமும் மட்டுமே. செய்முறையை மாற்றுவதைவிட இதனால் கிடைக்கும் பலன் அதிகம், செலவும் குறைகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பொங்கலில் சேர்ப்பது உண்ணத்தக்க பச்சைக் கற்பூரம் மட்டுமே. அதுவும் கடுகளவு போதும். ஆரத்திக் கற்பூரம் நச்சுத்தன்மை உடையது. சிறு குழந்தைகள் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம். இரண்டு டப்பாக்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். முந்திரியும் பாலும் ஒவ்வாத குழந்தைகள் இருப்பதால், பிரசாதத் தட்டின் அருகே அவற்றின் பெயர்களை எழுதி வைப்பதும் நல்லது.

10. பயிற்சி

(அ) 96 பேருக்கு, ஒருவருக்கு ஒரு பங்கு வீதம் பழைய முறையில் செய்ய எவ்வளவு வெல்லம் வேண்டும்? மாற்றிய முறையில் எவ்வளவு?
(ஆ) அதே 96 பேருக்கு மாற்றிய முறையில் எவ்வளவு நெய் மிச்சமாகும்?
(இ) பழைய முறைப் பொங்கலை 40 கிராம் கரண்டியால் 96 பேருக்கு வழங்க மொத்தம் எவ்வளவு பொங்கல் வேண்டும்? அதற்கு எவ்வளவு வெல்லம்?
(ஈ) 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு உடல் எடைக் குறியீடு 23 ஆக வேண்டுமானால் எடை எவ்வளவு?

விடைகள்: (அ) 2.8 கிலோ, 1.8 கிலோ. (ஆ) 400 கிராம். (இ) 3.84 கிலோ பொங்கல். ஏறத்தாழ 900 கிராம் வெல்லம். (ஈ) ஏறத்தாழ 59 கிலோ.

பிள்ளைகளே, (ஈ) கணக்கை உங்கள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி ஒவ்வொருவருக்கும் போட்டுப் பாருங்கள். விடையை அவர்களிடம் மரியாதையுடன் காட்டுங்கள். கடைசியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள் என்றும் கேளுங்கள். "நினைவில்லை" என்று பதில் வந்தால், அடுத்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்த உபயத்தின்போது பரிமாறும் தொண்டர்கள் சிறிய கரண்டியை எடுத்து வைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் பிரசாதம் கிடைக்கட்டும். எல்லோரும் அடுத்த பொங்கலுக்கும் நலமுடன் வந்து வரிசையில் நிற்கட்டும்.